ஆங்கிலத்தில் உம்மாவின் வீடு

எங்கள் துறையில் இறுதியாண்டு ஆய்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். யார் எப்போது போட்ட சட்டம் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்து, தமிழில் சண்டை பிடித்து, தமிழிலேயே கனவு கண்டு வளர்ந்தவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்து, இனி ஆங்கிலத்தில் யோசி என்றால் எங்கே போவது? நான்கு வருடத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலம் பரீட்சைக்குப் போதும். ஒரு பெண் தன் வாழ்க்கையைச் சொன்னதைச் சொன்னபடி எழுத அது போதாது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஏஐ எங்கள் விடுதிக்குள் வந்தது. முதலில் ஒருத்தியின் போனில் இருந்தது, பிறகு எல்லோருடைய போனிலும் இருந்தது. என் அறைத்தோழிதான் அதற்குப் "பெரிய சேர்" என்று பெயர் வைத்தாள். அவள் தம்பிலுவிலைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம். "எத்தின தரம் கேட்டாலும் கோவம் வராத சேர் இவர் ஒராள்தான் கா" என்பாள். அதில் உண்மையும் இருந்தது. விரிவுரையாளர்களான மற்ற சேர்மாரிடம் இரண்டாம் தரம் சந்தேகம் கேட்கப் போனால் முகம் மாறும். பெரிய சேர் மட்டும் நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டுத்தான் பதிலே சொல்லுவார்.

ஏஐயைப் பற்றிப் பீடத்தில் எங்களுக்கு ஒரு கருத்தரங்கும் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் படமாகக் காட்டினார். பொறுப்போடு பயன்படுத்துங்கள் என்று பல தடவை சொன்னார். பொறுப்பு என்றால் என்ன என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இடைவேளைக்குப் பட்டிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள், பட்டிஸ் நன்றாக இருந்தது. ஏஐயைப் பற்றி நான் கற்றுக்கொண்டது முழுக்க அந்த மண்டபத்துக்கு வெளியில்தான்.

என் ஆய்வு வீட்டைப் பற்றியது. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. பெண்பிள்ளை பிறந்தால் வளவு நிலத்தில் ஒரு துண்டை மனதுக்குள் ஒதுக்கிவிடுவார்கள். கல்யாணப் பேச்சு வருமுன் அதில் சுவர் எழும்ப வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். கல்முனைப் பக்கத்து எங்கள் முஸ்லிம் ஊர்களிலும் இதுதான் வழக்கம், அறைத்தோழியின் தமிழ் ஊரிலும் இதுதான் வழக்கம். நான் இதை ஆய்வு செய்யப் போகிறேன் என்றபோது உம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "இதில ஆராய என்ன இரிக்கி? மீன் தண்ணியில இரிக்கிறத ஆராயிறயா?" என்று கேட்டார்.

மேற்பார்வையாளருக்கு மட்டும் தலைப்பு பிடித்துப்போனது. நாங்கள் மெடம் என்று அழைக்கும் அவர் கண்டிப் பக்கத்தவர். அங்கே பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். "அப்ப உங்க ஊர்ல மாமியார் வீட்ட நினச்சு மாப்பிள்ளைதான் பயப்படணும்" என்று சிரித்தார். சுனாமியில் வீடு போனபின் அந்த வீட்டு உரிமை என்ன ஆனது என்பதைப் பெண்களிடமே கேட்டு எழுது என்று சொன்னார்.

முதல் நேர்காணலை உம்மாவிடமே எடுத்தேன். வேறு யாரும் முதல் தரமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் காரணம். உம்மா குசினியில் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டே கதைத்தார். நான் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். உம்மா சொன்னது இது:

"கலியாணம் முடிச்சு ஒன்ட வாப்பா என்ட வீட்டுக்குத்தான் வந்தார். அது எனக்கெண்டு கட்டித் தந்த வீடு. கடல் அதக் கொண்டு போச்சு. பொறகு வீடு தாறம் எண்டு பதிய வந்தாங்க. வந்தவர் குடும்பத் தலைவர் ஆரெண்டு கேட்டார். இது அவட வளவு, அவட பேர எழுதுங்க எண்டு வாப்பா சொல்லிப் பாத்தார். அந்தாள் சிரிச்சிட்டு வாப்பாட பேரத்தான் எழுதினார். இப்பவும் வீடு அவர்ர பேர்லதான் இரிக்கி."

இருபதுக்குக் கிட்டிய பெண்களிடம் கதைத்தேன். எல்லாவற்றையும் தமிழில் தட்டெழுதினேன். பிறகு ஒவ்வொன்றாகப் பெரிய சேரிடம் கொடுத்து, சுருக்கி, நல்ல ஆங்கிலத்தில் தரும்படி கேட்டேன். வந்த ஆங்கிலத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. உம்மா அதில் பெரிய இடத்துப் பெண்ணைப் போலக் கதைத்தார். மெடமும் வாசித்துவிட்டு, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். நானும் வாசிக்காமல் இல்லை. காலம் சரியா, ஒருமை பன்மை சரியா என்று வரிவரியாகப் பார்த்தேன். வழுவழுப்பான ஆங்கிலத்தைக் கண்டால் எங்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அது எப்படிச் சொல்கிறது என்று பார்க்கிறோம், என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை.

ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது மெடம் ஒரு வேலை சொன்னார். "சொன்னவங்ககிட்டயே திரும்பப் போய் வாசிச்சுக் காட்டுங்க. எல்லாரிட்டயும் முடியாட்டியும் கொஞ்சப் பேரிட்டயாவது காட்டுங்க" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியதை ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி என்ன பிரயோசனம்? ஆனாலும் சொன்னால் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஜும்மா தொழுகைக்கு வாப்பா போன நேரத்தில் உம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"கல்யாணத்துக்குப் பிறகு இவ மாப்பிள்ளட வீட்டுக்குப் போய்ட்டா. அந்த வீட்டக் கடல் அழிச்சிட்டு. பொறகு குடும்பத் தலைவரான மாப்பிள்ளைக்கு அந்த வீடு திரும்பக் கிடைச்சிட்டு."

சொல்லி முடிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"இது ஆருட கதை?"

"உங்கட கதைதான் உம்மா."

"நான் எங்க போன? அவர்தானே வந்த."

உம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "அண்டைக்கு வந்த அந்தாளும் இப்பிடித்தான் புள்ள. நாம சொல்றத எல்லாம் கேட்டார். சிரிச்சார். பொறகு அவருக்குத் தெரிஞ்சத எழுதிட்டுப் போய்ட்டார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து மற்ற நேர்காணல்களையும் தமிழோடு வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இதே கதைதான். என்னோடு கதைத்த பெண்களில் பலரை அது மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தது. அனுப்பாத இடங்களில், "வழக்கத்துக்கு மாறாக" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தது. எங்கள் வழக்கத்தையே வழக்கத்துக்கு மாறு என்கிறது! உலகத்தில் பெரும்பாலான பெண்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் எங்கள் பெண்களும் போயிருப்பார்கள் என்று அதற்கு ஒரு தீர்மானம். ஆய்வே அந்த ஒரு விசயத்தைப் பற்றித்தான் என்பது அதற்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

திங்கட்கிழமை மெடமிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது என்று அறைத்தோழி பிறகு சொன்னாள். அப்படி விட்டிருந்தால் உம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மெடம் என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"நானும் இத வாசிச்சேன். எனக்கு ஒண்டும் வித்தியாசமாத் தெரியல்ல. எங்க ஊர்ல அப்படித்தானே" என்று தன்னைத் தானே கடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா இதில நான் கையெழுத்து வைக்க மாட்டேன். ரெண்டு கிழமை, பதினாலு நாள் இருக்கு. எல்லாத்தையும் திரும்பச் செய்து தந்தா வைக்கிறேன். இல்லாட்டி அடுத்த பட்ச்சோடதான்."

அடுத்த பட்ச் என்றால் ஒரு முழு வருடம். பட்டதாரி நியமனத்துக்கு ஆள் எடுத்தால் அதில் என் பெயர் இருக்காது. என்னோடு படித்தவர்கள் பட்டமளிப்பில் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுக்கும்போது நான் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும். இந்த வருடம் பிள்ளை பட்டதாரி என்று உம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். விடுதிக்கு வந்து கட்டிலில் விழுந்து அழுதேன். நான் லேசில் அழுகிறவள் இல்லை.

அறைத்தோழி சற்று நேரம் அழ விட்டாள். பிறகு, "அழுது முடிஞ்சா எழும்புடி. பெரிய சேரோட கதைப்பம்" என்றாள்.

கதைத்தோம். நீ செய்தது பிழை, எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்று எழுதினோம். பெரிய சேர் மிக அழகாக மன்னிப்புக் கேட்டார். எங்கள் பண்பாட்டை மதிப்பதாகச் சொன்னார். உம்மாவின் கதையைத் திருத்தித் தந்தார். ஆறுதலாக இருந்தது. புதிதாக ஒரு பக்கம் திறந்து அடுத்த பெண்ணின் கதையைக் கொடுத்தால், அவளை அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். "மன்னிப்புக் கேக்கிறதுக்கும் திருந்துறதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்கட மாமா மாதிரி" என்றாள் அறைத்தோழி.

சரி, ஒவ்வொரு தடவையும் முதலிலேயே வழக்கத்தைச் சொல்லிவிட்டுக் கதையைக் கொடுப்போம் என்று தீர்மானித்தோம். அது வேலை செய்தது. அளவுக்கு மிஞ்சியே வேலை செய்தது. அட்டாளைச்சேனையில் நான் கதைத்த ஒரு பெண் உண்மையிலேயே மாப்பிள்ளையோடு தெற்கே காலி நகருக்குப் போய்ச் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர். பெரிய சேர் அவரைக் காலிக்குப் போகவே விடவில்லை. மாப்பிள்ளையை அட்டாளைச்சேனைக்குக் கூட்டிவந்து குடியமர்த்திவிட்டார். முன்பு உலகத்துக்குப் பிடித்ததைச் சொன்னவர், இப்போது எங்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறார். அந்தப் பெண் சொன்னதை இரண்டு தடவையும் அவர் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு ஏதோ விளங்கியது. அது பொய் சொல்லும் ஆள் இல்லை. வந்தவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் ஆள்.

அறைத்தோழிக்கு ஒரு யோசனை வந்தது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அதனிடம் கேட்டுப் பார்ப்போம் என்றாள். தம்பிலுவிலைப் பற்றிக் கேட்டாள். கடலையும் வயலையும் சரியாகச் சொன்னது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கே ஒரு பழைய கோட்டையும் இருக்கிறது என்றது. "நான் பிறந்த ஊர்ல கோட்டை இரிக்காம். அப்பா எனக்குச் சொல்லவே இல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கோட்டையையும் அது கடலைச் சொன்ன அதே தொனியில்தான் சொன்னது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் அதன் குரலில் வித்தியாசம் இல்லை. எங்கள் ஆட்கள் என்றால், தெரியாததைச் சொல்லும்போது கொஞ்சம் இழுப்பார்கள், கண்ணைத் திருப்புவார்கள். அதற்குக் கண் இல்லை. நாங்கள்தான் கண் வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வேலை சோர்வான வேலை. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேர்காணலை முழுதாகக் கொடுக்காமல் நாலைந்து வரியாகக் கொடுத்தோம். சுருக்கு என்றோ அழகாக்கு என்றோ கேட்பதை விட்டோம். வந்த ஆங்கிலத்தை அறைத்தோழி கையில் வைத்துக்கொண்டு, அதை மட்டும் பார்த்துத் தமிழில் எனக்குச் சொல்லுவாள். நான் காதில் பதிவைக் கேட்டுக்கொண்டிருப்பேன். யார் வந்தார், யார் போனார், யாருடைய வளவு, யார் பெயர் என்று ஒவ்வொன்றிலும் நிறுத்துவோம். பொருந்தாவிட்டால் திரும்பவும் செய்வோம். சில வரிகளைக் கடைசியில் என் சொந்த ஆங்கிலத்திலேயே எழுதினேன். நொண்டி ஆங்கிலம்தான், ஆனால் போக வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு பெண் சொன்னதையும் முதலில் தமிழில் போட்டு, கீழே ஆங்கிலத்தைப் போட்டேன். இப்படி ஒருவரும் செய்வதில்லையே என்று மெடம் முதலில் தயங்கினார். பிறகு, "போடுங்க. வாசிக்கிறவங்களுக்கும் ஒரு பிடி இருக்கட்டும்" என்றார். கடைசி நாள் பின்னேரம் கையெழுத்து வைத்தார்.

கையெழுத்தோடு முடியவில்லை. வாய்மொழிப் பரீட்சை இருந்தது. அதில் தவறினால் கையெழுத்துக்கும் மதிப்பில்லை. வெளிப் பரீட்சகர் கொழும்புப் பக்கமிருந்து வந்த தமிழ் பேசும் பெரியவர். என் ஆய்வின் ஆங்கிலத்தை வரிவரியாக வாசித்திருந்தார் என்பது ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்த ஆங்கிலத் திருத்தங்களில் தெரிந்தது. உம்மாவின் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஆங்கில வரியில் கணவர் மனைவியின் வீட்டுக்கு வந்தார் என்ற இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, கணவரையும் மனைவியையும் இடம் மாற்றியிருந்தார்.

"நீங்கள் ஏஐ பாவித்ததாக முன்னுரையில் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் இந்த மாதிரி இடங்களில் அது ஆட்களை மாற்றிவிடும். பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு கிழமைக்கு முன்பென்றால் "சொரி சேர்" என்று சொல்லிவிட்டுத் திருத்தியிருப்பேன். எத்தனை பெரிய ஆள், எத்தனை நல்ல ஆங்கிலம். பக்கத்தில் இருந்த மெடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மாத்தல்ல சேர். முதல்ல மாத்தித்தான் இருந்திச்சு. நாங்க திருப்பி எடுத்தது. மேல தமிழ் இரிக்கி. பதிவும் இரிக்கி, போடவா?"

அவர் போடுங்கள் என்றார். போனை மேசையில் வைத்தேன். அந்தக் குளிரூட்டிய அறையில் முதலில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பிறகு உம்மா கதைத்தார். என்ட வீட்டுக்குத்தான் வந்தார் என்ற இடம் வந்தது. அவட பேர எழுதுங்க எண்டு வாப்பா சொல்லிப் பாத்தார் என்ற இடம் வந்தது. அந்தாள் சிரிச்சிட்டு என்ற இடமும் வந்தது. பரீட்சகர் கடைசிவரை கேட்டார். கேட்டு முடிந்ததும் பையைத் திறந்து அழிறப்பரைத் தேடி எடுத்து, தான் போட்ட வட்டத்தையும் அம்புக்குறியையும் அழித்தார். அழித்த தூளை வாயால் ஊதிவிட்டார்.

"இது உங்கள் தாயார்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு, போகலாம் என்றார்.

முடிவு தெரிந்த பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். உம்மா வாசலிலேயே நின்றார்.

"என்ன புள்ள, பாஸா?"

"ஓம் உம்மா, பாஸ். அல்ஹம்துலில்லாஹ்."

உம்மா என் தலையைத் தடவினார். உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். பெரிய சேர் முதலில் மாற்றியதைப் போலவே அந்தப் பெரியவரும் மாற்றப் பார்த்தது, உம்மாவின் குரலைக் கேட்டது, பென்சில் கோட்டை அழித்தது எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பாவும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அதில வீடு ஆருட எண்டு இரிக்கி?" என்று உம்மா கேட்டார்.

"உங்கட வீடுதான் உம்மா. அவர்தான் வந்தார் எண்டு தமிழ்லயும் இரிக்கி, இங்கிலீசுலயும் இரிக்கி."

"வீட்டுப் பத்திரத்தில மட்டும் இன்னும் வாப்பாட பேர்" என்று உம்மா தலையை ஆட்டினார். குடித்து முடித்த கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வாப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்த அழிறப்பரக் கேட்டு வாங்கிட்டு வந்திரிக்கலாமே புள்ள."